கேட்கப்படாத சாட்சி

நாடு சுதந்திரம் வாங்கிய வருஷம், தை பிறக்க இருந்த நேரம். மலாக்காவில், காஜா பேராங்கில் அம்மாவும் நானும் ஓர் அறை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தோம். ஊரெல்லாம் மெர்டேக்கா, அதாவது சுதந்திரப் பேச்சு. காப்பிக் கடையில் நாலு பேர் கூடினால் யார் மந்திரி, கொடி எப்படி இருக்கும் என்றுதான் பேசுவார்கள். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எங்கள் ஊரில் இருந்த ஒரு சின்னக் கல்லூரியில் இடமும், அதைப் படித்து முடிக்க ஓர் உபகாரச் சம்பளமும்.

கல்லூரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பழைய பங்களா ஒன்று, கீழே இரண்டு வகுப்பு, மேலே இரண்டு வகுப்பு, மழை பெய்தால் மேல் வகுப்புப் பிள்ளைகளும் கீழே வந்துவிடுவார்கள். ஆனால் அங்கே படித்து முடித்தவர்கள் ஆசிரியை ஆனார்கள், ஆபீஸ் கிளார்க் ஆனார்கள். படிக்காதவர்கள் என்ன ஆவார்கள் என்பது எனக்கு வீட்டிலேயே தெரியும். ஜாலான் பெண்டஹாரா என்ற தெருவில் ஒரு மளிகைக் கடையின் பின்கட்டில் அம்மா நாள் முழுக்க மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருப்பாள். இரவில் அவள் கை பட்டால் என் முகம் எரியும். அதனால் என் கன்னத்தைத் தொடுவதென்றால் புறங்கையால்தான் தொடுவாள்.

அந்தக் கல்லூரியில் மதிப்பெண்ணுக்கு என்று ஒரே ஓர் உபகாரச் சம்பளம். நுழைவுப் பரீட்சையில் முதலாவதாக வருபவருக்கு அது. நான் இரண்டாவதாக வந்தேன். முதலாவதாக வந்த பையன் நியாயமாகவே வந்தான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இருந்தாலும் அவன் எதிரில் வந்தால் நான் தெருவின் மறுபக்கம் மாறிக்கொண்டது உண்மை. கல்லூரித் தலைவர் என்னைக் கூப்பிட்டு, ஊர்ப் பெரியவர்கள் தங்கள் பெற்றோர் பேரில் வைத்திருக்கும் அறக்கட்டளைச் சம்பளங்கள் சில இருக்கின்றன, அதில் ஒன்று தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு என்றே வைத்தது, உனக்கு அப்பா இல்லைதானே என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. இல்லை சார் என்றேன்.

இல்லை என்றது பொய்யில்லை. ஆனால் இல்லை என்பதற்கும் இறந்துவிட்டார் என்பதற்கும் எங்கள் வீட்டில் பெரிய வித்தியாசம் இருந்தது.

என் அப்பா ரயில் பாதை போடும் கூட்டத்தில் வேலை செய்தவர். ஜப்பான்காரன் வந்தபோது மலாக்கா ரயில் பாதையின் தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போனான், பாதை போட்டவர்களையும் பிடித்துக்கொண்டு போனான். எல்லாம் சயாமுக்கு, அங்கிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட. எனக்கு அப்போது நடை பழகும் வயது. அப்பாவின் முகம் எனக்கு நினைவில்லை. சண்டை முடிந்தது, ஜப்பான்காரன் போனான், போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். அப்பா வரவில்லை. இறந்தார் என்றும் யாரும் சொல்லவில்லை.

அதனால் அம்மா பூவும் பொட்டுமாகவே இருந்தாள். சும்மா ஒப்புக்கு இல்லை. வெள்ளிக்கு வெள்ளி மஞ்சள் பூசிக் குளிப்பாள். ஆடிப் பதினெட்டுக்குத் தாலிக்கயிறு மாற்றுவாள். நெற்றியில் ஒரு வெள்ளி நாணயம் அளவுக்குக் குங்குமம் வைப்பாள், காம்பு கிள்ளும் இடத்தில் வியர்த்து வழிந்தாலும் துடைக்காமல் ஒற்றிக்கொள்வாள். மாசி மகத்துக்கு சாமி ரதம் செங் என்ற ஊருக்குப் போகும்போது வெயிலில் வெறுங்காலோடு பின்னாலேயே நடப்பாள். இதைவிட வாடகை குறைந்த அறை தெங்கேராவில் கிடைத்தது, மாற மாட்டேன் என்றுவிட்டாள். அவருக்குத் தெரிந்த விலாசம் இதுதான், வந்தால் எங்கே என்று தேடுவார் என்பாள். கடையில் கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி, சயாமில் எவளையாவது கட்டிக்கொண்டு சுகமாக இருப்பார் என்று ஒரு நாள் கேலி பேசினாள். அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. இருந்துட்டுப் போகட்டுமே, இருந்தால் போதும் என்றாளாம். என்ன பெண் இவள் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

எங்கள் வீட்டுக்காரம்மா மலாக்கா செட்டி இனத்தைச் சேர்ந்தவர். வட்டிக்கடைச் செட்டியார் இல்லை. சுல்தான் காலத்திலேயே வந்து இந்த ஊரோடு கலந்து, சாமி மட்டும் நம் சாமியாகவும் பேச்சு மலாயாகவும் ஆகிப்போனவர்கள். போகிப் பண்டிகை அன்று அவர்கள் வீட்டில் செத்துப்போன முன்னோருக்கெல்லாம் வாழை இலை போட்டு, சோறும் சம்பாலும் மீனும் படைப்பார்கள். வருஷா வருஷம் அந்தம்மா எங்கள் அறை வாசலில் வந்து நின்று, உன் புருஷனுக்கும் ஓர் இலை சேர்த்துப் போடட்டுமா என்று மலாயில் கேட்பார். பெரிய மனசோடுதான் கேட்பார். அம்மா ஒரே வார்த்தையில் பதில் சொல்வாள்: "பெலும்." இன்னும் இல்லை என்று அர்த்தம். எனக்கு நினைவு தெரிந்து எல்லாப் போகிக்கும் அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும் உண்டு.

அந்த வருஷம் போகிக்குச் சில நாள் முன்பு உபகாரச் சம்பளத்துக்கு நேர்முகம் வைத்தார்கள். அறக்கட்டளை வைத்தவர் ஜாலான் பெண்டஹாராவில் ஜவுளிக்கடை முதலாளி. கடையின் மாடியில்தான் நேர்முகம். சுவரில் அவருடைய அப்பாவின் படம், புது மாலை, ஊதுபத்தி. முதலாளி ஒரு நாற்காலியில், கல்லூரித் தலைவர் பக்கத்தில். அம்மா இருப்பதில் நல்ல சேலையாகக் கட்டி, தலையில் மல்லிகைச் சரம் வைத்து, நெற்றி நிறையக் குங்குமத்தோடு என் பின்னால் வந்து நின்றாள். நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்று நினைத்து அப்படி வந்தாள் பாவம். நானாவது யோசித்திருக்க வேண்டாமா, எனக்கும் உறைக்கவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற முகம், அதில் பொட்டு இருக்கிறது என்று யார் கவனிப்பார்கள்?

முதலாளி கவனித்தார். என் மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டுத் தலையாட்டிக்கொண்டே நிமிர்ந்தவர், அம்மாவைப் பார்த்ததும் அப்படியே நிறுத்திவிட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். பத்து வயதில் தகப்பனை இழந்து, துணி மூட்டை சுமந்து மேலே வந்தவர். குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இது அப்பன் இல்லாத புள்ளைங்களுக்கு எங்கப்பா பேர்ல வெச்சது. நீங்க பூவும் பொட்டுமா வந்து நிக்கிறீங்களே."

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "சயாமுக்குப் போனவருங்க. இன்னும் வரலீங்க" என்றாள்.

"வருவாரா?"

நான் மனதுக்குள் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். ஒரே ஒரு தடவை, தெரியலீங்க என்று சொன்னால்கூடப் போதும்.

"வருவாருங்க" என்றாள் அம்மா.

கல்லூரித் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலாளி கொஞ்ச நேரம் தன் அப்பாவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன வருஷம் ஒருத்தர் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருந்துகொண்டு, பிள்ளையைத் தகப்பனில்லாதவன் என்று சொல்லிக் காசு வாங்கிவிட்டாராம். பிறகு தெரிந்து பெரிய அசிங்கமாகிவிட்டதாம். அதனால் தை அமாவாசை கழித்து வாருங்கள், அவர் இறந்துபோனதைக் கண்ணால் பார்த்தவர் யாராவது ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அதுவரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றார். அதற்கு மேல் ஒரு மனிதர் என்ன செய்வார்.

வழியெல்லாம் நான் அம்மாவுக்கு முன்னால் வேகவேகமாக நடந்தேன். பேசினால் என்ன வரும் என்று எனக்கே பயம். வீடு வந்ததும், படிப்பெல்லாம் வேண்டாம், உன் கடையிலேயே எனக்கும் ஒரு முறம் வாங்கிக் கொடு என்றேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். அன்று குழம்பில் உப்பு இல்லை. இரண்டு பேரும் சொல்லாமல் சாப்பிட்டோம்.

போகி வந்தது. வீட்டுக்காரம்மா வழக்கம்போல வாசலில் வந்து நின்று கேட்டார். அம்மா வாயைத் திறந்தாள், ஆனால் அந்த 'பெலும்' உடனே வரவில்லை. பிறகு சொன்னாள், ரொம்ப மெதுவாக. அன்று மாலை முழுக்க அவர்கள் வீட்டுக் கூடத்தில் வரிசையாகப் போட்டிருந்த இலைகளைப் பார்த்தபடி எங்கள் அறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் பொங்கல் வைத்து இறக்கியதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தன் திட்டத்தைச் சொன்னாள். இரவெல்லாம் யோசித்திருக்க வேண்டும். தெங்கேராவில் சரபாத்து என்கிற இஞ்சித் தேநீர்க் கடை வைத்திருக்கும் மாமாவைப் போய்ப் பார்ப்பது. அப்பா செத்துப்போனதைப் பார்த்தேன் என்று முதலாளியிடம் அவரை ஒரு பொய் சொல்லச் சொல்வது. அம்மா தன் வாயால் சொல்ல மாட்டாள். அவர் சொல்லும்போது பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றுகொள்வாள்.

"அங்க போற நேரத்துக்கு மட்டும் பொட்டை அழிச்சிக்கிறேன். தாலியை உள்ள தள்ளி மறைச்சிக்கலாம். வூட்டுக்கு வந்ததும் வெச்சிக்கிறேன். அவரு வந்தா நானே சொல்லிக்கிறேன், புள்ள படிப்புக்காகத்தான்னு. கோவிச்சிக்க மாட்டாரு."

சொல்லிவிட்டு ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். இந்தப் பொய்க்குப் பரிகாரமாக மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டது அது. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பதினாலு வருஷம் கற்பூரம் மாதிரிக் காத்து வைத்த ஒன்றை எனக்காகக் கொஞ்ச நேரம் ஊதி அணைத்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொள்ளப் பார்க்கிறாள்.

மாமா என்று சொன்னேனே, அவர் எங்கள் உறவில்லை. ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம். அப்பாவோடு ஒரே கூட்டத்தில் பாதை போட்டவர், ஒரே லாரியில் சயாமுக்குப் போனவர். காலில் பெரிய புண் வந்து, கெண்டைச் சதை பாதி போய், விந்தி விந்தித் திரும்பி வந்தார். அவர் வந்த அன்று அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிப்போய், எங்கண்ணே அவரு என்று கேட்டாளாம். பின்னால வர்றான் தங்கச்சி என்றாராம். அந்த ஒரு வார்த்தைதான் அம்மாவின் பிடிமானம். அதற்குப் பிறகு தீபாவளிக்குத் தீபாவளி அம்மா கேட்பாள். விசாரிச்சிக்கிட்டுதான் இருக்கேன் என்பார். எனக்கு வாரா வாரம் பிஸ்கட் பொட்டலம் கொடுத்து அனுப்புவார். ஒன்று மட்டும் உண்டு, அம்மாவிடம் பேசும்போது ஒரு நாளும் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார். தரையைப் பார்ப்பார், இல்லாவிட்டால் கையில் இருக்கும் கோப்பையைப் பார்ப்பார். மரியாதை தெரிஞ்ச மனுஷன் என்று அம்மா சொல்வாள்.

நாங்கள் போனபோது வெயில் இறங்கியிருந்தது. கடையில் யாரும் இல்லை. இஞ்சித் தேநீரை இந்தக் குவளையிலிருந்து அந்தக் குவளைக்கு ஆற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை. நடந்ததெல்லாம் சொன்னாள், முதலாளி சொன்னது, சாட்சி கேட்டது எல்லாம். கடைசியில், அவரு செத்துட்டாருன்னு ஒரு பொய் சொல்லணும்ணே என்றாள்.

தேநீர் ஆற்றும் கை நின்றுவிட்டது. குவளை இரண்டையும் கீழே வைத்தார்.

"பொய் சொல்ல வேணாம் தங்கச்சி" என்றார்.

அம்மா, அவர் மார்க்கத்துக்கு ஆகாது என்று மறுக்கிறார் என்றே நினைத்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள். "புள்ள படிப்புக்குத்தாண்ணே. அல்லா மன்னிப்பாரு. பாவத்தை நான் ஏத்துக்கறேன்."

"அது இல்ல தங்கச்சி." அப்போதும் அவர் நிமிரவில்லை. "அன்னிக்கி நான் சொன்னதுதான் பொய்யி. அவன் பின்னால வரல. அங்கேயே முடிஞ்சிட்டான். நீ புள்ளைய இடுப்புல வெச்சிக்கிட்டு, அவ்ளோ பெரிய பொட்டோட ஓடி வந்தே. எனக்கு வாய் வரல. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..."

மேல் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மழைக்காலம், காய்ச்சல், மருந்து கிடையாது. நம் வழக்கப்படி எரிக்க ஈர விறகு பிடிக்கவில்லை. இவர்தான் ஒரு மேட்டில் குழி தோண்டி, தன் கையால் மண் தள்ளியிருக்கிறார். நம்முடைய தேவாரம் திருவாசகம் எதுவும் அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததை ஓதி அடக்கம் செய்தாராம். தப்பா இருந்தா மன்னிச்சிடு தங்கச்சி என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அழுவாள், விழுவாள், அவரைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சாமான் வாங்க வந்த இடத்தில் காசு தொலைந்து போனவள்போல நின்றுகொண்டிருந்தாள்.

"பொய் சொல்லத்தானேண்ணே கேக்க வந்தேன்" என்றாள்.

அதை ஒரு புகார் மாதிரிகூடச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் என் காதில் அந்த வாக்கியம் அதே குரலில் கேட்கிறது, தூக்கத்தில்கூடக் கேட்டிருக்கிறது. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கடைசியில தண்ணி குடுத்தீங்களா?"

"கேட்டப்பல்லாம் குடுத்தேன் தங்கச்சி."

அம்மா தலையசைத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிடித்த பிடியில் மிளகாய்க் காரம் என் உள்ளங்கை முழுக்க எரிந்தது, நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தெங்கேரா சாலை முழுக்க அவள் நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது. எதிரில் வந்த தெரிந்த பெண்கள் பொங்கல் நல்லபடியாப் போச்சா என்று கேட்டார்கள். போச்சு என்றாள்.

எனக்கு இப்போதும் புரியாத ஒன்று உண்டு. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அம்மா மஞ்சள் பூசிக் குளித்தாள், பொட்டு வைத்துக்கொண்டாள், வேலைக்குப் போனாள். அமாவாசை வரைக்கும் அப்படியே. தெரிந்துகொண்டே வைத்துக்கொண்டாளா, இன்னும் கொஞ்ச நாள் என்று வைத்துக்கொண்டாளா, நான் கேட்கவில்லை. எந்த வாயால் கேட்பது? போகட்டும்மா, அந்தக் காசு நமக்கு வேண்டாம் என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். அவரு போனதுக்கு உனக்குப் படிப்பாவது மிஞ்சட்டும் என்றாள்.

தை அமாவாசை அன்று கடற்கரைக்குப் போனோம். ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயில் பக்கம் இருந்த பண்டாரம் ஒருவர் வந்தார். ஆண் பிள்ளை இல்லையே என்று அவர் தயங்கினார். அப்பா முகம்கூடத் தெரியாத எனக்கு அந்த நேரத்தில் எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ, நான் இருக்கிறேன், என் கையில் எள்ளைக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். வழக்கமாக இதற்கு ஊர்ப் பெண்கள் கூடி, கடைசியாகப் பூ வைத்து, வளையல் அடுக்கி, பிறகு எல்லாவற்றையும் எடுத்து ஒப்பாரி வைப்பார்கள். அம்மா யாரையும் கூப்பிட விடவில்லை. கிண்ணத்தில் பால் வைத்திருந்தாள். தானே தாலியைக் கழற்றி அதில் போட்டாள். கடல் தண்ணீரை அள்ளித் தானே நெற்றியைத் துடைத்தாள். குங்குமம் சுலபத்தில் போகவில்லை, அத்தனை வருஷத்துத் தழும்பு. தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்துபோனது. மாமா தூரத்தில் ஒரு கெத்தாப்பாங் மரத்தடியில் தொப்பியைப் போட்டுக்கொண்டு நின்றார். கிட்டே வரவில்லை. அலை வந்து எள்ளை அடித்துக்கொண்டு போனது. பக்கத்தில் நாலைந்து குடும்பங்கள் தங்கள் பெரியவர்களுக்குச் செய்துகொண்டிருந்தார்கள். எங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அன்று எல்லாருக்கும் அதே வேலை.

இரண்டு நாள் கழித்து முதலாளி கடை மாடிக்குப் போனோம். அம்மா வெளுத்த சேலையில் முன்னால் ஏறினாள். மாமா சலவைச் சட்டை போட்டு, விந்தி விந்திப் பின்னால் வந்தார். வழியெல்லாம் வாய்க்குள் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். யாரிடமும் சொல்லாமல் அத்தனை வருஷம் வைத்திருந்ததை இன்று நாலு பேர் முன்னால் இறக்கி வைக்கப்போகிறார். எங்கே, எந்த மாதம், எப்படி என்று எல்லாம் சொல்லத் தயாராக இருந்தார்.

முதலாளி நிமிர்ந்தார். அம்மாவைப் பார்த்தார். சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

மாமா தொண்டையைச் செருமி, "நான் பாத்தேன் முதலாளி, என் கையாலதான்..." என்று ஆரம்பித்தார்.

"வேணாம் பாய்" என்றார் முதலாளி. "அந்தம்மாவைப் பாத்தாலே தெரியுதே. இதுக்கு மேல சாட்சி எதுக்கு? திரும்பத் திரும்பச் சொல்லி அவங்களை நோகடிக்க வேணாம்."

அவ்வளவுதான். சாட்சியை யாரும் கேட்கவில்லை. மாமா வாயைத் திறந்தது திறந்தபடி நின்றார். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தலையில் கை வைத்து, நல்லா படி என்றார். கல்லூரித் தலைவர் அம்மாவுக்கு வணக்கம் சொன்னார். அவர்கள் எல்லாரும் அன்று எங்களிடம் அன்பாகத்தான் இருந்தார்கள். அந்த அன்புதான் என்னைக் கொன்றது.

படியிறங்கும்போது எனக்கு உறைத்தது. அம்மாவின் முதல் திட்டத்தில் பாதியே போதுமானதாக இருந்திருக்கிறது. அந்த நேரத்துக்கு மட்டும் பொட்டை அழித்துவிட்டு, தாலியை உள்ளே தள்ளிக்கொண்டு, தெங்கேரா பக்கமே போகாமல் இந்தப் படி ஏறியிருந்தால், முதலாளி இதே மாதிரி எழுந்து நின்றிருப்பார், இதே வார்த்தையைச் சொல்லியிருப்பார். வீட்டுக்கு வந்து அம்மா மறுபடி பொட்டு வைத்துக்கொண்டிருப்பாள். சாகும்வரைக்கும் வைத்துக்கொண்டிருப்பாள். அப்பா பின்னால் வந்துகொண்டே இருந்திருப்பார். இது அம்மாவுக்கும் உறைத்ததா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

நான் படித்தேன். வேறு என்ன செய்வது? முதல் நாள் கல்லூரிக் கூடத்தில் உபகாரச் சம்பளம் பெறுபவர்களை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மதிப்பெண்ணுக்குப் பெற்ற பையனுக்குக் கைதட்டல். என்னைக் கூப்பிடும்போது, தந்தையை இழந்த மாணவி என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். கூடம் அமைதியானது. கடைசி வரிசையில் அம்மா வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருந்தாள். நான் மேடையில் நின்ற அந்த நேரத்தில், கீழே இறங்கி ஓடிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

ஆகஸ்டில் மெர்டேக்கா வந்தது. எங்கள் தெருவே கொண்டாடியது. அம்மா அன்று வேலைக்குப் போய்விட்டாள். மஞ்சள் துணியில் முடிந்த காசு சாமி படத்துக்குக் கீழே அப்படியே கிடந்தது. பொய்க்கு நேர்ந்தது, பொய்யே சொல்லவில்லை, அதை யாருக்குச் செலுத்துவது என்று தெரியாமல் அவள் கடைசிவரை அவிழ்க்கவில்லை. மாமா பிஸ்கட் பொட்டலம் அனுப்புவதை நிறுத்தவில்லை. அமாவாசைக்குப் பிறகு அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். இப்போது அம்மாதான் குனிந்துகொண்டாள்.

அடுத்த போகிக்கு வீட்டுக்காரம்மா வாசலுக்கு வந்தார். அவருக்கு எல்லாம் தெரியும், அதனால் கேட்காமல் சும்மா நின்றார். அம்மா தானே எழுந்து போய், "சுடா" என்றாள். ஆகிவிட்டது என்று அர்த்தம். அந்த வீட்டு வரிசையின் கடைசியில் எங்கள் அப்பாவுக்கும் ஓர் இலை விழுந்தது. என்ன பிடிக்கும் அவருக்கு என்று வீட்டுக்காரம்மா கேட்டார். அம்மா ரொம்ப நேரம் யோசித்தாள். மறந்துபோச்சு என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து, அந்த ஒரு வருஷமும் அழாததற்குச் சேர்த்து அழுதாள்.

நான் ஆசிரியை ஆனேன், அம்மாவை மிளகாய் மூட்டையிலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனேன். நல்லபடியாக இருந்தோம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அவள் அதற்குப் பிறகு எதற்கும் காத்திருக்கவில்லை. காத்திருக்க எதுவுமில்லாத மனுஷி எப்படி இருப்பாள் என்று பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். முன்பு எரிச்சலாக வந்ததே, அந்தப் பழைய அம்மா, எத்தனை கொடுத்தாலும் திரும்பி வரவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஓர் அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் என்னையும் தங்கள் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். வருஷா வருஷம் பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பார்க்கிறேன், கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். ஆனால் பின்னால் ஒரு தாய் வந்து நின்றால் மட்டும், அவள் நெற்றியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடக் கூடாதே என்று இன்றைக்கும் தரையைப் பார்த்துத்தான் பேசுகிறேன்.